காப்பித் தோட்டம் பச்சையாகவே இருக்கட்டும்

நான் படம் எடுப்பது போக, சேலத்தில் வேறு சில போட்டோகிராபர்களுக்கு ஆல்பம் டிசைனும் செய்துகொடுக்கிறேன். அதனால் தை பிறந்துவிட்டால் ஊரில் யார் யாருக்குக் கல்யாணம், யார் எங்கே போய் ப்ரீ வெட்டிங் ஷூட் எடுத்தார்கள் என்பதெல்லாம் என் கம்ப்யூட்டரைத் தாண்டித்தான் போகும். அதில் பாதிக்கு மேல் ஏற்காடு. ஆனால் படத்தை மட்டும் என்னிடம் காட்டி இது எந்த ஊர் என்று கேட்டால் சொல்ல முடியாது.

காப்பிச் செடி பழுப்பு. சில்வர் ஓக் பழுப்பு. அதில் ஏறியிருக்கும் மிளகுக் கொடியும் பழுப்பு. வானம் நீலமும் இல்லை, பச்சையும் இல்லை. பொண்ணு மாப்பிள்ளை முகம் ஆரஞ்சு. மூணாறில் எடுத்ததும் இப்படித்தான் இருக்கிறது, கொடைக்கானலில் எடுத்ததும் இப்படித்தான், மேட்டூர் அணைப் பூங்காவில் எடுத்ததும் இப்படித்தான். ஆல்பத்தின் முதல் பக்கத்தில் ஊர் பெயரை எழுதினால்தான் உண்டு.

எல்லாம் பிரீசெட் என்கிற ஆயத்த நிற அமைப்பு செய்கிற வேலை. காசு கொடுத்து வாங்கி லைட்ரூம் என்ற எடிட்டிங் மென்பொருளில் ஏற்றிக்கொண்டால், ஒரே சொடுக்கில் ஐந்நூறு படமும் ஒரே நிறத்துக்கு வந்துவிடும். ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் அக்டோபர் மாதம் மரங்கள் நிறம் மாறும். அந்தக் காலத்தில், அந்த வெயிலில் எடுத்த படங்கள் உண்மையிலேயே அழகானவை. அந்தத் தோற்றத்தை எடுத்து எல்லா ஊருக்கும், எல்லாப் பருவத்துக்கும் போட்டுவிடுகிறார்கள். ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலையில் அப்படி ஒரு பருவமே கிடையாது. அடிவாரக் காட்டில் மாசி, பங்குனியில் இலை கொட்டும், உண்மைதான். அப்போது மரம் மொட்டையாக, சாம்பல் நிறத்தில் நிற்கும். மேலே போய்த் தோட்டத்துக்குள் நுழைந்தால் வருஷம் முழுக்கப் பச்சை. அதிலும் எத்தனை பச்சை! அராபிகா காப்பியின் முற்றிய இலை மினுமினுக்கும் கரும்பச்சை. துளிர் சில செடிகளில் வெளிர்பச்சை, சில செடிகளில் செம்பு நிறம். சில்வர் ஓக் இலைக்கு அடிப்பக்கம் வெள்ளி, காற்றடித்தால் மரமே நிறம் மாறும். 1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் காலத்தில் இந்த மலைக்குக் காப்பி வந்தது என்று சொல்வார்கள். இருநூறு வருஷமாக நிற்கிற பச்சையை ஒரு சொடுக்கில் காய வைத்துவிடுகிறோம்.

இலையோடு போனால்கூடப் பரவாயில்லை. எடிட்டிங் செய்கிறவர்களுக்குத் தெரியும், இலைப்பச்சை என்று நம் கண் நினைப்பதில் பெரும்பங்கு மென்பொருளின் கணக்கில் மஞ்சள். அதனால் இலையைப் பழுப்பாக்க வேண்டுமானால் பச்சையை மட்டும் இழுத்தால் போதாது, மஞ்சளையும் இழுக்க வேண்டும். எல்லா பிரீசெட்டும் அதைத்தான் செய்கிறது. மஞ்சளை இழுத்தால் நம் ஊர்க் கல்யாணத்தில் என்ன மிஞ்சும்? நலங்கு வைத்த கன்னத்தின் மஞ்சள் போய்விடும். பட்டுச்சேலை சரிகை மங்கிவிடும். கல்யாணம் முடிந்து எடுத்த ஒரு ஷூட் டிசைனுக்கு வந்தது. பொண்ணு கழுத்தில் தாலிக்கயிறு சாம்பல் பூத்துக் கிடந்தது, பார்த்தால் பல வருஷப் பழைய கயிறு. மனசு கேட்காமல் கேமராவிலிருந்து அப்படியே வந்த ரா ஃபைலைக் கேட்டு வாங்கித் திறந்தேன். கயிறு பளீரென்ற மஞ்சள். முறுக்கு இன்னும் விரைப்பாக இருந்தது, தோளோரம் ரவிக்கை விளிம்பில் மஞ்சள் லேசாக ஒட்டியிருந்தது. கழுத்து வேர்வையில் மஞ்சள் கரைந்து ஒரு கோடு இறங்கியிருந்தது. கல்யாணம் ஆன மறுநாளோ மூன்றாம் நாளோ மட்டும்தான் ஒரு பெண்ணின் கழுத்து அப்படி இருக்கும். அதற்காகத்தானே அந்தப் படம்? அதைத்தான் முதலில் அழித்திருக்கிறோம்.

நான் சேலம் அம்மாப்பேட்டையில் தறிச் சத்தத்தில் வளர்ந்தவள். அப்பா வெண்பட்டு நெய்தவர். வேட்டியைத் தறியிலிருந்து அறுத்து எடுத்ததும் வாசலுக்குக் கொண்டுபோய், வெளிச்சத்துக்கு நேராகப் பிடிக்காமல் கொஞ்சம் சாய்த்துப் பிடித்துப் பார்ப்பார். நேர் வெளிச்சத்தில் துணி ஒரே வெள்ளையாகத் தெரியும். சாய்த்தால்தான் ஊடையும் பாவும் தனித்தனியாக எழும்பும், இழை அறுந்து முடிச்சுப் போட்ட இடம் சின்னப் புள்ளியாகத் தெரியும். துணிக்கு மட்டும் இல்லை, தோலுக்கும் இதே கதைதான். பக்கத்திலிருந்து வரும் வெளிச்சம்தான் முகத்தை முகமாகக் காட்டும்.

வெண்பட்டு வெள்ளைக்குள் ஒரு ஓட்டம் இருக்கிறது. மடிப்பில் லேசான சாம்பல், மேட்டில் ஒரு பளபளப்பு, கரையோரம் சரிகையின் சாயை. இப்போதைய ஸ்டைல் இரண்டும் அதை விட்டுவைப்பதில்லை. பழுப்பு பிரீசெட் போட்டால் வேட்டி டீத்தூள் பட்ட நிறத்துக்கு வந்துவிடும். இன்னொரு பக்கம் எல்லாவற்றையும் வெளுக்க வைக்கும் பிரைட் ஸ்டைல். அதில் வேட்டி வெறும் வெள்ளைத்தாள். கேமராவின் சென்சார் வெளிச்சத்தால் நிரம்பிவிட்டால் அந்த இடத்தில் தகவல் என்று ஒன்று இல்லை. அப்புறம் எந்த ஸ்லைடரை எவ்வளவு இழுத்தாலும் இழை திரும்பி வராது. மாப்பிள்ளை வெண்பட்டில் வந்து நின்றால், கேமராத் திரையில் வேட்டியின் அளவுக்கு மீறி வெளுத்த இடம் சிமிட்டும், அது நிற்கும் வரை எக்ஸ்போஷரை, அதாவது கேமரா வாங்கும் வெளிச்சத்தை, இறக்கிவிடுவேன். முகத்தை அப்புறம் கொஞ்சம் ஏற்றிக்கொள்ளலாம், ரொம்ப இருண்டுவிடாத வரை இருட்டில் இருக்கும் தகவல் பத்திரமாகவே இருக்கும். ஒரு வேட்டிக்குப் பின்னால் எத்தனை நாள் உட்கார்ந்திருப்பார்கள் என்று தெரிந்தவள் நான். அதைத் தாளாக்கிக் கொடுக்க எனக்குக் கை வராது.

முகத்துக்கு வருகிறேன். இதைப் பற்றிப் பேசாமல் அவுட்டோர் போர்ட்ரெய்ட் பற்றிப் பேச முடியாது. பழைய ஃபிலிம் காலத்தில் பிரிண்ட் போடும் லேப்களுக்குக் கோடாக் ஒரு மாதிரி அட்டை அனுப்பும். அதில் ஒரு வெள்ளைக்காரப் பெண். முதலில் படத்துக்கு நின்ற பெண்ணின் பெயரால் அதை ஷெர்லி கார்டு என்பார்கள். அந்தப் பெண்ணின் தோல் அட்டையில் இருப்பது போல வந்துவிட்டால் மிஷின் சரியாக இருக்கிறது என்று அர்த்தம். கறுத்த முகம் எப்படி வருகிறது என்று பார்க்கப் பல பத்தாண்டுகளுக்கு அளவுகோலே இல்லை. ஃபிலிம் போய்விட்டது, அந்தப் பார்வை போகவில்லை. இன்றைய பிரீசெட்டுகளிலும், போனில் தானாக வரும் அழகுப் பில்டர்களிலும் அதே வெளுப்புத்தான்.

ஷூட்டுக்கு முன்னால் பொண்ணுகள் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "அக்கா, கொஞ்சம் கலரா வர்ற மாதிரி எடுங்கக்கா" என்பார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனசில்லை. பொண்ணு பார்க்க வந்த நாளிலிருந்து காதில் விழுந்ததைத்தான் என்னிடம் சொல்கிறார்கள். நான் வாதம் செய்வதில்லை. லேக் ரோட்டோரம் ஒரு மரநிழலில் நிறுத்தி, முகத்தைத் திறந்த வானத்தின் பக்கம் கொஞ்சம் திருப்பச் சொல்லி, ஒரு படம் எடுத்துத் திரையைக் கையில் கொடுத்துவிடுவேன். மாநிறத் தோலில் வானத்து வெளிச்சம் விழும்போது கன்ன எலும்பிலும் மூக்கு நுனியிலும் மேலுதட்டுக்கு மேலேயும் ஒரு மினுக்கு வரும். வெள்ளைத் தோலில் அது அவ்வளவாக எடுக்காது. பெரும்பாலானவர்கள் கொஞ்ச நேரம் பேசாமல் பார்ப்பார்கள். "இது நானா அக்கா?" என்று கேட்டவர்கள் உண்டு. அதற்கு மேல் கலர் பேச்சு வராது.

கறுத்த முகம் படத்தில் மோசமாக வருகிறது என்றால் குற்றம் முகத்தில் இல்லை, நிறுத்திய இடத்தில். லேடீஸ் சீட் என்ற காட்சிமுனையில் கீழே பள்ளத்தாக்கும் சேலம் நகரமும் வெளிச்சமாகக் கிடக்கும். அதற்கு முன்னால் கறுப்பு கோட் போட்ட மாப்பிள்ளையை நிறுத்துகிறார்கள். கேமரா மொத்தப் படத்தையும் நடுத்தரச் சாம்பல் அளவுக்குக் கொண்டுவரப் பார்க்கும், பள்ளத்தாக்கு வெளிச்சத்தைப் பார்த்துவிட்டு எக்ஸ்போஷரைக் குறைத்துவிடும், முகம் இருண்டுவிடும். அவ்வளவு இருட்டை எடிட்டிங்கில் தூக்கினால் முகம் சாம்பல் பூசினாற்போல வருகிறது. நாலு அடி தள்ளி, வெளிச்சம் முகத்தில் விழுகிற பக்கமாக நிறுத்தியிருந்தால் எந்த வேலையும் இல்லை. வெளிச்சத்தைத் திருப்பிவிடும் ரிஃப்ளெக்டர் இல்லையா, ஒரு வெள்ளை வேட்டியை இரண்டு பேர் விரித்துப் பிடித்தால் போதும். தோட்டத்துக்குள் எடுக்கும்போது அது இன்னும் அவசியம். சுற்றிலும் இலை, இலை வழியாக வடியும் வெளிச்சம், தாடைக்கு அடியில் பச்சை ஏறிவிடும். வேட்டி அந்தப் பச்சையை வெட்டும்.

அடுத்தது கோல்டன் ஹவர். எல்லா வீடியோவிலும் சொல்லிக் கொடுக்கிறார்கள்: சூரியன் மறைவதற்கு முன்னால் ஒரு மணி நேரம், அதுதான் தங்க வெளிச்சம். யாருடைய ஊரில்? சூரியன் தொடுவானத்துக்கு மேலே ஆறு டிகிரி உயரத்திலிருந்து இறங்கி மறையும் வரை உள்ள நேரத்தைக் கணக்கு வைத்தால், லண்டனில் ஜூன் மாதம் ஏறக்குறைய 50 நிமிஷம். அங்கே சூரியன் சரிவாக வழுக்கி இறங்கும். நாம் பூமத்திய ரேகைக்கு 11 டிகிரி சொச்சம் வடக்கே இருக்கிறோம். இங்கே சூரியன் ஏறக்குறைய நேராக விழும். நமக்குக் கிடைப்பது 25 நிமிஷம், நல்ல நாளில் அதற்குக் கொஞ்சம் மேல். மேற்கே ஒரு மேடோ மேகமோ இருந்தால் அதுவும் இல்லை. அதை நம்பி ஐந்தரைக்கு மேல் கேமராவைத் திறந்தால் மூன்று புடவை மாற்றுவதற்குள் இருட்டிவிடும்.

பகோடா பாயிண்ட் மலையின் கிழக்குப் பக்கம். கீழே காக்கம்பாடி தெரியும். காலை வெயிலுக்கான இடம் அது. அங்கே சாயங்காலம் கூட்டிக்கொண்டு போய் நிறுத்துகிறார்கள். சூரியன் முதுகுப் பக்கம் இறங்கிவிட்டிருக்கும், பள்ளத்தாக்கில் நீல நிழல் ஏறியிருக்கும். அந்த நிழலே எவ்வளவு அமைதியான வெளிச்சம் தெரியுமா? ஆனால் ஆல்பத்தில் வரும்போது பொண்ணு மாப்பிள்ளை தலைக்கு நடுவே கிழக்கில் ஒரு சூரியன் மறைந்துகொண்டிருக்கும். 2020 அக்டோபரில் போட்டோஷாப்பில் வானத்தை மாற்றும் வசதி வந்தது. அதற்கப்புறம் வானம் என்பதே சந்தைச் சரக்காகிவிட்டது. பின்னால் சூரியன், முன்னால் இருக்கும் முகத்தில் நிழல் எந்தப் பக்கமும் விழவில்லை, புடவை ஓரத்தில் ஒளிக்கோடு இல்லை. பார்க்கிறவருக்கு ஏன் என்று சொல்லத் தெரியாது, ஆனால் ஏதோ உறுத்தும்.

ஏற்காட்டுக்கு என்று ஒரு வானம் இருக்கிறது, அது பெரும்பாலும் வெள்ளை. ஐப்பசி, கார்த்திகையில் மேகம் ரோட்டுக்கே இறங்கிவிடும். அன்றைக்கு ஷூட்டைத் தள்ளிவைக்கிறவர்களைப் பார்த்தால் எனக்கு வேதனையாக இருக்கும். மூடுபனி மாதிரி ஒரு வெளிச்சம் எந்த ஸ்டூடியோவிலும் கிடையாது. கண்ணுக்கடியில் நிழல் விழாது, பட்டின் நிறம் எந்தப் பக்கமும் சாயாது, பின்னால் மரங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வெளுத்துக்கொண்டே போகும். ஒரே ஒரு விஷயம்: காரில் ஏசி போட்டு இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறிவிட்டு, இறங்கின உடனே லென்ஸ் மூடியைத் திறக்கக் கூடாது. கண்ணாடி முழுக்க நீர் படிந்துவிடும். கடைசி சில வளைவுகளில் ஏசியை அணைத்து ஜன்னலைத் திறந்துவிட்டால் கேமராவும் மலைக் காற்றுக்குப் பழகிவிடும்.

நடுப்பகல் வெயிலில் எடுக்கக் கூடாது என்பது மட்டும் எல்லா ஊருக்கும் பொருந்துகிற பேச்சு. ஏப்ரல் 20ஐ ஒட்டியும் ஆகஸ்ட் 22ஐ ஒட்டியும் சேலத்தில் உச்சிவேளைக்குச் சூரியன் நேர் தலைக்கு மேலேயே வந்துவிடும், கம்பத்துக்கு நிழலே விழாது. அந்த வெயிலில் கண் இரண்டும் குழியாகிவிடும். கோடை விழாக் கூட்டத்தில் மே மாதப் பகலில் நிற்க வைத்து எடுக்கிறவர்கள் கொஞ்சம் நிழலுக்கு நகர வேண்டும், அவ்வளவுதான்.

பின்னணியை மங்க வைப்பதைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். 85 எம்எம் லென்ஸ், எஃப் 1.4, அதாவது லென்ஸின் துளையை அகலத் திறந்துவைப்பது. எனக்கும் பிடித்த லென்ஸ்தான், கல்யாண மண்டபத்தில் பின்னால் ஸ்டீல் சேரும் குப்பைக்கூடையும் இருந்தால் அதுதான் காப்பாற்றும். ஆனால் இரண்டு மீட்டர் தூரத்தில் நிற்கும் ஒருவரை முழுதாகத் திறந்துவைத்து எடுத்தால் தெளிவாக விழுவது நாலரை சென்டிமீட்டர் ஆழம்தான். கண் தெளிவாக இருந்தால் காது மங்கிவிடும், ஜிமிக்கி போய்விடும். பின்னால் இருப்பது முழுக்கப் பச்சைக் கூழ். 1,500 மீட்டர் மலையேறி வந்து, பின்னால் இருக்கும் மலையை அழித்துவிட்டால் கீழே சேலத்தில் அஸ்தம்பட்டி பார்க்கிலேயே எடுத்திருக்கலாமே. போன் போர்ட்ரெய்ட் மோடு இதைவிட மோசம். கூந்தல் எங்கே முடிகிறது, மல்லிகைச் சரம் எங்கே முடிகிறது என்று அதற்குத் தெரியாமல் ஓரத்துப் பூவைக் கடித்துத் தின்றுவிடும். சரத்தில் கடைசி நாலு மொட்டு காணாமல் போயிருக்கும் படத்தை ஃபிரேம் போட்டு மாட்டியிருப்பதைப் பார்த்திருக்கிறேன்.

35 எம்எம் லென்ஸ் போட்டு, துளையைச் சுருக்கி எஃப் 5.6இல் வைத்து, கொஞ்சம் தள்ளி நின்று எடுத்துப் பாருங்கள். ஆளும் தெரிவார், பாறையும் தெரியும், கீழே வளைந்து இறங்கும் ரோடும் தெரியும். இருபது வருஷம் கழித்து அந்த ஜோடியின் பிள்ளைகள் ஆல்பத்தைப் புரட்டும்போது, அப்போது ஏற்காடு எப்படி இருந்தது என்று பார்க்க வேண்டாமா? ஏற்காடு ரோட்டில் மாடர்ன் தியேட்டர்ஸ் சினிமா ஸ்டூடியோ இருந்த இடத்தில் இன்றைக்கு மிஞ்சியிருப்பது ஒரு வளைவு மட்டும். தமிழின் முதல் முழுநீள வண்ணப்படம் 1956இல் வெளிவந்தது அந்த ஸ்டூடியோவிலிருந்து. அந்த வளைவுக்கு உள்ளே என்னவெல்லாம் இருந்தது என்று எனக்குத் தெரிவது படங்களால்தான். இடம் போய்விடும். அதனால்தான் இடத்தை மங்க வைக்காதீர்கள் என்று கெஞ்சுகிறேன்.

போஸ் விஷயத்தில் எனக்குக் கோபத்தைவிட வருத்தம்தான் அதிகம். பொண்ணு முன்னால் நடக்கிறாள், முகம் தெரியவில்லை, பின்னால் நீட்டிய கை, அதைப் பிடித்திருப்பது கேமராக்காரன் பக்கமிருந்து வரும் மாப்பிள்ளை கை. இது எங்கிருந்து வந்தது என்று கேட்டால் பலருக்குத் தெரியாது. 2011இல் பார்சிலோனாவில் முராத் ஒஸ்மான் என்ற ரஷ்ய போட்டோகிராபர் வழியெல்லாம் நின்று நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தார். கூட வந்த காதலி பொறுமை இழந்து, வா போகலாம் என்று கையைப் பிடித்து இழுத்தார். அந்த இழுப்பிலேயே அவர் எடுத்த படம் அது. அதில் ஒரு உண்மையான எரிச்சல் இருந்தது, அந்த இரண்டு பேருக்கு மட்டும் சொந்தமான ஒரு தருணம். அவர்கள் கல்யாணம் செய்துகொண்டார்கள், உலகம் முழுக்க அதே போஸில் எடுத்தார்கள், அது அவர்களுடைய கதை. ஏரிக்கரையில் யாரும் யாரையும் இழுக்காமல் கை நீட்டச் சொல்லி எடுக்கும்போது எதுவும் இல்லை. கூடு மாதிரிப் பின்னிய நாற்காலி, சுவரில் வரைந்த இறக்கை, இதய வடிவ வளையம் எல்லாமும் அப்படியே. முந்தின ஜோடி எழுந்து போனதும் அடுத்த ஜோடி உட்கார வேண்டியதுதான்.

செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறையில் வேலை செய்யும் ஒரு தம்பிக்கு ஷூட் எடுத்தேன். போனில் படங்களைச் சேர்த்து வைத்திருந்தார்கள், எல்லாம் பார்த்த போஸ்தான். கேட்டதையும் கொஞ்சம் எடுத்துவிட்டு, தோட்டத்து மண்பாதையில் சும்மா நடக்கச் சொன்னேன். கொஞ்ச தூரம் போனதும் அந்தப் பொண்ணு நின்றுவிட்டது. கொலுசின் திருகு கழன்று, ஒரு பக்கம் தொங்கியது. அந்தத் தம்பி பேண்டில் மண் படுவதைப் பார்க்காமல் உட்கார்ந்துவிட்டான். பாதத்தைத் தன் முழங்கால் மேல் எடுத்து வைத்தான். அவன் விரல் நுனியெல்லாம் பற்றவைக்கிற வேலையில் கறுத்து, நகத்தோரம் தோல் தடித்துப் போயிருந்தது. அந்தத் தடித்த விரலால், கடுகளவு திருகை ஒரே சுற்றில் மரை பிடிக்க வைத்தான். பிறகு கொலுசை லேசாக உலுக்கி, காதைச் சாய்த்து முத்துச் சத்தம் சரியாக இருக்கிறதா என்று கேட்டான். அவள் ஒரு கையால் அவன் தலையைப் பிடித்துக்கொண்டு, விழுந்துவிடாமல் இருப்பதற்காக, காப்பிச் செடி ஒன்றை இன்னொரு கையால் பற்றியிருந்தாள். "நான் போட்டதுதாங்கக்கா, திருகு கொஞ்சம் லூசா விட்டுட்டேன்" என்றான் என்னைப் பார்த்து. வாய் பேசினாலும் கை கொலுசை விடவில்லை.

அந்த வரிசைப் படங்களில் நான் எதையும் சொல்லிச் செய்ய வைக்கவில்லை. இலையை இலை நிறத்தில் விட்டேன். விரலின் கறுப்பை எடுக்கவில்லை. வீட்டில் பெரியவர்கள் முதலில், என்னம்மா நகத்தில் அழுக்கு தெரிகிறதே என்றார்கள். அவனுடைய அம்மாதான், "அது அவன் தொழில், இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டார்.

ஆபத்தான டிரெண்டுகளைப் பற்றி நீட்டிப் பேச எனக்கு விருப்பம் இல்லை, ஆனால் விட்டுவிடவும் முடியாது. கலர் புகைக் குச்சியை நான் கையில் எடுப்பதில்லை. கோடையில் சேர்வராயன் சரிவில் போதைப்புல் என்ற காட்டுப்புல்லும் சருகும் எப்படிக் காய்ந்து கிடக்கும் என்று ராத்திரி கீழேயிருந்து மலை எரிவதைப் பார்த்த சேலத்துக்காரர்களுக்குத் தெரியும். அந்தச் சரிவில் நெருப்பு கக்கும் குழாயைப் பொண்ணு கையில் கொடுப்பதை எப்படி ஒத்துக்கொள்வது? புகை படிந்த பட்டுச்சேலையின் கறை போவதும் இல்லை. தண்டவாளத்தில் உட்கார வைத்து எடுப்பது அதைவிடக் கொடுமை. இப்போது ஓடுவது மின்சார இஞ்சின், பக்கத்தில் வரும் வரை சத்தம் தெரியாது. 1989ஆம் வருஷத்து ரயில்வே சட்டத்தின் 147ஆம் பிரிவில் அத்துமீறி நுழைந்தால் ஆறு மாதம் வரை ஜெயிலோ ஆயிரம் ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ உண்டு. சட்டத்துக்காகச் சொல்லவில்லை, எந்தப் படமும் அதற்குத் தகாது. கொண்டை ஊசி வளைவில் பொண்ணைக் கைப்பிடிச் சுவர் மேல் ஏற்றி நிறுத்துகிறவர்களிடம், மேலேயிருந்து பஸ் இறங்கி வரும்போது டிரைவர் அந்த வளைவில் எவ்வளவு அகலம் எடுப்பார் என்று ஒரு தடவை நின்று பார்க்கச் சொல்கிறேன். நம்மிடம் கேமரா இருக்கிறது என்பதால் எதிரே நிற்கிற இரண்டு பேர் நாம் சொன்னபடி செய்கிறார்கள். அந்த நம்பிக்கை பெரிய பொறுப்பு.

என்னோடு ஷூட்டுக்கு வர நினைக்கிறவர்களுக்கு இப்போது முதல் பேச்சிலேயே சொல்லிவிடுகிறேன்: புகை இல்லை, தண்டவாளம் இல்லை, வானம் மாற்றுவது இல்லை, நிறம் வெளுப்பது இல்லை. அதைக் கேட்டு வேறு ஆளிடம் போகிறவர்கள் உண்டு. போகட்டும். வருகிறவர்களிடம் நான் கேட்பது, போனில் சேர்த்த படங்களோடு, உங்கள் வீட்டில் உங்களுக்கென்று இருக்கும் ஏதாவது ஒன்றையும் கொண்டுவாருங்கள். பாட்டியின் காதுத் தோடு, அண்ணன் ஓட்டிய பழைய சைக்கிள், தினமும் வேலைக்குக் கட்டிப்போகும் டிபன் கேரியர், எதுவானாலும் சரி. பார்லரில் முகத்துக்கு எத்தனை கோட் போட வேண்டும் என்று என்னைக் கேட்டுவிட்டுப் போடுங்கள். காலையில் அடிவாரத்தைத் தாண்டும்போது ஆறு மணிக்கு மேல் ஆகக் கூடாது. குப்பனூர் வழி வந்தால் கூட்டம் குறைவு.

இன்னொரு விஷயம். மாசி, பங்குனியில் மேலே ஒரு நல்ல மழை பெய்துவிட்டால், எட்டு பத்து நாளில் காப்பி பூக்கும். ஒரு கிளை விடாமல் கணுவுக்குக் கணு வெள்ளை, தோட்டம் முழுக்க மல்லிகைக்குப் பக்கத்தில் வரும் ஒரு வாசனை. இரண்டு மூன்று நாளில் வாடிவிடும். தோட்டத்துக்காரரிடம் முன்கூட்டியே கேட்டுத்தான் உள்ளே போக வேண்டும், கிளையை வளைக்கவோ பூவைத் தட்டிவிடவோ கூடாது, ஒவ்வொரு பூவும் அவருக்கு ஒரு காய். மழை பெய்த சேதி எனக்கு மேலேயிருந்து போனில் வந்துவிடும். அந்த வாரத்தை ஒட்டிக் கல்யாணம் வைத்திருப்பவர்கள் இருந்தால் இப்போதே சொல்லி வையுங்கள். கரும்பச்சை இலை, வெள்ளைப் பூ, வெண்பட்டு வேட்டி, மாநிற முகம், நாலும் அதனதன் நிறத்தில் ஒரே படத்தில் வர வேண்டும் என்று எனக்கு ரொம்ப நாள் ஆசை. எக்ஸ்போஷர் கணக்கெல்லாம் போட்டு வைத்துவிட்டேன். வேட்டி மட்டும் இரண்டாகக் கொண்டுவாருங்கள், ஒன்று கட்ட, ஒன்று வெளிச்சத்துக்கு விரித்துப் பிடிக்க. பிடிப்பதற்குப் பருத்தி வேட்டி போதும்.